செவலையும் நலம்

ஏனுங்க டாக்டர், ஒரு நிமிஷம். அந்த நீளக் கையுறையை மாட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு சின்ன உதவி செய்யணும். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பீங்க. பார்த்ததைச் சத்தமாகச் சொல்லிவிடாதீங்க. என் காதோடு சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், எனக்கே தெரியும். ஆறு பல். நாலு வயசுகூட ஆகியிருக்காது.

ஆமாங்க. போனில் பதினேழு வயது மாடு என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் என் மகள், சுலோச்சனா. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். லீவில் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இப்போது நீங்கள் கை கழுவ வெந்நீர் போடத்தான் உள்ளே போயிருக்கிறாள். கேஸ் தீர்ந்துவிட்டது, விறகடுப்புதான். அடுப்பைப் பற்றவைத்து ஊதிப் பழக்கம் விட்டுப்போச்சு அவளுக்கு, கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நீங்க இந்த ஊருக்குப் புதுசு, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. செங்கோடன் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவான் என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். இந்த மாடு அந்த மாடு இல்லை.

சிரிக்காதீங்க. மெதுவாக. சமையல்கட்டு ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி பாவாயி போய்விட்டாள். அவள் இருந்தவரை மகளுக்குக் கடுதாசி எழுதுவதெல்லாம் அவள் பொறுப்பு. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் உர மூட்டையிலும் பஸ் போர்டிலும்தான். யூரியா, பொட்டாஷ், ஈரோடு, வழி சிவகிரி என்று எழுத்துக்கூட்டி நானாகவே கற்றுக்கொண்டேன். அதனால் என் கையெழுத்து இன்றைக்கும் மூட்டையில் அச்சடித்த மாதிரி பெரிசு பெரிசாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கும்.

போனில் பேசலாமே என்பீங்க. பேசினேன். என்னுடையது பட்டன் போன். அவள் கூப்பிட்டால் 'ம்' என்பேன், 'சரி' என்பேன், அப்புறம் 'அப்புறம்' என்பேன்.

"அப்பா, மூணு வார்த்தைக்காக நான் அயர்லாந்துல இருந்து கூப்பிடணுமா? கடுதாசி எழுதுங்க. அம்மா எழுதற மாதிரி எழுதுங்க. தோட்டத்துல என்ன நடக்குதுன்னு எழுதுங்க, போதும்" என்றாள்.

பாவாயி எந்தக் கடுதாசியையும் முதலில் பால் சொசைட்டி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள். அடித்துத் திருத்தி, அப்புறம்தான் நல்ல தாளில் எழுதுவாள். அந்த நோட்டு அலமாரியில் இருந்தது. கடுதாசியை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாததால், அவள் கடைசியாக எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். 'அன்புள்ள சுலோச்சனாவுக்கு, இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு உங்கள் அனைவரின் நலம் அறிய ஆவல்.' அதற்குக் கீழே மஞ்சள் வெட்டியது, மோட்டார் காயில் போனது எல்லாம் எழுதி, ஒட்டி, தபாலாபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினைந்து நாள் கழித்து போன்.

"அப்பா, 'நானும் அப்பாவும் நலம்'னு எழுதியிருக்கீங்க. எனக்கு மொத்தம் எத்தனை அப்பா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, அலோ அலோ என்றேன். "இருக்கேன்பா" என்றாள். மூக்கடைத்த குரல். அங்கே வருஷம் பூராவும் மழையாம், சளி பிடித்துக்கொண்டே இருக்குமாம்.

அடுத்த கடுதாசியில் அதை மாற்றிவிட்டேன். 'இங்கு எல்லோரும் நலம்.' அதற்கும் போன்.

"எல்லோரும்னா யாருப்பா?"

எண்ணிப் பார்த்தேன். "நான் இருக்கறேன். செவலை இருக்குது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ரெண்டு பேருக்கு 'எல்லோரும்'னு வருமாப்பா?"

"மாடு பெருசு சாமி" என்றேன்.

அதிலிருந்து கடுதாசியில் செவலைக்குத் தனி இடம் வந்துவிட்டது. 'இங்கு எல்லோரும் நலம், செவலையும் நலம்' என்றுதான் தொடங்குவேன்.

செவலை யாரென்று சொல்லவில்லையே. இந்த மாடு இல்லை, அந்த மாடு. சுலோச்சனா கல்யாணத்தின்போது கிடேரியாக இருந்தது. நெற்றியில் அரசிலை அகலத்துக்கு வெள்ளை. ஒரு தடவை கம்பிக் கேட்டில் மாட்டிக்கொண்டு இடது கொம்பு பாதியோடு ஒடிந்துபோனது. சுலோச்சனாவை உதைத்திருக்கிறது, இரண்டு தடவை. மாப்பிள்ளையை ஒரு தடவை. நல்ல மாடு.

பாவாயி போன நாளிலிருந்து மகளுக்கு ஒரே பாட்டுத்தான். தனியாக இருக்காதீங்க, கிளம்பி வாங்க. நானும் ஒரே பதில்தான் சொல்லுவேன். மாட்டை யார் பார்ப்பார்கள்?

"இங்க மனுஷனை விட மாடு ஜாஸ்திப்பா. வந்து எத்தனை வேணுமோ பாருங்க."

"அது அவங்க மாடு சாமி."

நர்ஸ் வேலை பார்க்கிற பொண்ணு, விவாதத்தில் கெட்டிக்காரி, ஆனால் செவலை என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வாள். அங்கே போய் நான் என்ன செய்வேன், சொல்லுங்க. காலையில் எழுந்து யாருக்குத் தண்ணீர் காட்டுவது? மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அடுத்தவன் மாடு மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டிருக்கவா? நான்கு ஏக்கர் மஞ்சளும் தென்னையும் இங்கே கிடக்கிறது. பாவாயி வைத்த கறிவேப்பிலை கிடக்கிறது. ஆனால் இதையெல்லாம் சொன்னால் பொண்ணு எடுத்துக்கொள்ள மாட்டாள். மாட்டைச் சொன்னால் எடுத்துக்கொள்வாள். அதனால் மாட்டைச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், அடைமழை பெய்த வாரம், செவலை படுத்தது. எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டரும் வந்து பார்த்தார். வயசு, வேறொன்றுமில்லை என்றார். தென்னந்தோப்பின் மூலையில் குழி வெட்டினோம்.

அந்த வாரம் கடுதாசி எழுதுகிற முறை. உட்கார்ந்தேன். 'இங்கு' என்று எழுதினேன். அதற்கு மேல் 'எல்லோரும்' என்று போடக் கை வரவில்லை. 'இங்கு நான் நலம்' என்று எழுதி, மழை அளவு, மஞ்சளில் தண்ணீர் நின்றது எல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன்.

அதற்கு அவள் பதில் கடுதாசிகூடப் போடவில்லை. என்னுடையது கிடைத்த அன்றைக்கே போன்.

"அப்பா, எல்லோரும் எங்க?"

சொல்லியிருக்கலாம் டாக்டர். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்ப இனி அங்க என்னப்பா வேலை, கிளம்புங்க என்பாள். அதனால் சொன்னேன்: "பேனாவுல மை தீர்ந்து போச்சு சாமி."

"ரெண்டு பக்கத்துக்கு இருந்த மை, ஒரு வார்த்தைக்கு மட்டும் தீர்ந்து போச்சா?"

"ஆமா. செவலைக்குக் கொஞ்சம் காய்ச்சல். சரியாயிரும்."

அப்புறம், "சரிப்பா. செவலையை நல்லாப் பார்த்துக்குங்க" என்றாள்.

நம்பிவிட்டாள். அடுத்த கடுதாசியில் செவலைக்குக் காய்ச்சலைச் சரியாக்கினேன். அதற்கடுத்ததில் தீனி எடுக்கவைத்தேன். கடுதாசியில் மாட்டை வளர்ப்பது ரொம்பச் சுலபமுங்க. சாணி அள்ள வேண்டியதில்லை. எட்டு மாசம் போனதும் ஒரு கன்று போடவைத்தேன். எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்ததா, அடுத்த வருஷம் இன்னொன்று. முதல் கன்று காரி, கறுப்பு நிறம். இரண்டாவது புள்ளி புள்ளியாக.

சுலோச்சனாவும் விடாமல் பதில் எழுதுவாள். 'பதினாறு வயதில் பிரசவம், அதுவும் சுகப் பிரசவம். எங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. செவலைக்கு என் வாழ்த்துகள்.' பாருங்க, எவ்வளவு பாசம்.

ஆனால் ஒன்று சொல்லணும். அந்த ஊருக்குப் போய் மாட்டைப் பற்றிய விவரமெல்லாம் அவளுக்கு மறந்துபோய்விட்டது. ஒரு தடவை, செவலைக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது, படிக்கட்டு ஏறச் சிரமப்படுகிறது என்று எழுதினேன். அடுத்த மாசம் ஊருக்கு வந்த ஒருத்தரிடம் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உள்ளே முழங்காலுக்குப் போடுகிற துணிப்பட்டை. மேலே எழுதியிருந்தது, 'செவலைக்கு'. எத்தனை இருந்தது என்கிறீங்க? இரண்டு! மாட்டுக்கு நாலு கால் என்பதுகூட மறந்துபோச்சு பாருங்க. மாடாவது படிக்கட்டு ஏறுமா என்று நானும்தான் யோசிக்காமல் எழுதிவிட்டேன், அவளும் யோசிக்கவில்லை. வீணாகப் போகக் கூடாது என்று அதை நான் போட்டுக்கொள்கிறேன். இதோ, வேட்டிக்குள் இருக்கிறது. நல்ல சுகம்.

இன்னொரு தடவை எழுதினாள்: 'செவலை ராத்திரியில் வெறும் மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதாக நல்லாத்தாள் அக்கா சொன்னார். இரண்டு இட்லியாவது சாப்பிடச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை விடக் கூடாது.' மாட்டுக்கு இட்லியாம், சர்க்கரை மாத்திரையாம்! வேலைக் களைப்பில் என்னத்தையோ நினைத்து என்னத்தையோ எழுதியிருக்கிறாள். நல்லாத்தாள் என்பது அடுத்த தோட்டத்துக்காரி. செவலை செத்தது அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று கோயில் வாசலில் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வாராவாரம் சுலோச்சனாவோடு வீடியோவில் பேசுகிறவள்தான், ஆனால் மாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். அவளே சொன்னாள்.

போன வைகாசியில் எழுதினேன், 'செவலை பொழுதானால் கேட்டைப் பார்த்தபடியே நிற்கிறது. யாரும் வருவதில்லை. இருந்தும் நிற்கிறது.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். மாடு என்றால் அப்படி நிற்கும்தானுங்களே? தப்பாக ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். அதற்கு அவள் எழுதியது ஒரே வரி. 'மார்கழியில் நான் வருகிறேன் என்று செவலையிடம் போய்ச் சொல்லுங்கள்.'

மாடே இல்லை, எங்கே போய்ச் சொல்வது? ஆனாலும் பொண்ணு சொன்னாளே என்று கட்டுத்தரையில் போய் நின்றேன். காலி முளைக்குச்சியைப் பார்த்து, "மார்கழியில சுலோச்சனா வர்றா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

அப்புறம்தான் உறைத்தது. வருகிறாள் என்றால் மாட்டைப் பார்ப்பாளே!

கார்த்திகை பிறந்ததும் இன்னொரு கடுதாசி வந்தது. திரும்பிப் போகும்போது மூணு மாசத்துக்கு என்னையும் கூட்டிப் போவதாக டிக்கெட் போட்டுவிட்டாள். பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கோயமுத்தூர் போய் முன்னமே எடுத்து வைத்திருந்தேன். மாடு இருக்கும்போது இந்தக் காகிதமெல்லாம் என்ன செய்துவிடும் என்ற தைரியம். மாடு இல்லை என்பதை நானே மறந்துவிட்டேன்.

அந்தக் கடுதாசியில் பேத்தி வரைந்த படம் ஒன்றும் இருந்தது. ஏழு வயது, இனியா என்று பேர். அவள் அம்மா படித்துக் காட்டக் காட்ட வரைந்த செவலை. அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போனேன். தரகர் நாச்சிமுத்து எனக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"எந்த மாதிரி வேணும் மாமா?" என்றார்.

படத்தை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, இந்த மாடு சிரிக்குது."

"அதை விட்டுரு. செவலை நெறம், நெத்தியில வெள்ளை, எடது கொம்பு ஒடிஞ்சது. இது மூணு இருந்தாப் போதும்."

"முன்னங்காலுல என்னமோ கட்டியிருக்குதே?"

"அது முழங்கால் பட்டை. அதையும் விட்டுரு."

நாச்சிமுத்து பக்கத்திலிருந்த இரண்டு தரகர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். சந்தையே வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனது. "இது பால் மாடா, பள்ளிக்கூடம் போற மாடா?" என்று ஒருத்தன் கேட்டான். சுலோச்சனா வர இருபது நாள்தான் இருந்தது. மதியம் வரைக்கும் தேடி, நெற்றியில் வெள்ளையோடு இந்தச் செவலை கிடைத்தது. ஆனால் கொம்பு இரண்டும் முழுசு.

"ஒடிஞ்ச கொம்புதான் வேணும்னா, ஓட்டிட்டுப் போய் நீங்களே ஒடிச்சுக்குங்க மாமா. உலகத்துல நல்ல கொம்பைக் கண்டு மூஞ்சி சுளிக்கற மொத ஆளு நீங்கதான்" என்றார் நாச்சிமுத்து.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு சாயங்காலம் பூராவும் எதிரில் உட்கார்ந்து அதன் கொம்பைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். கன்று இரண்டையும் தாராபுரத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகக் கடைசிக் கடுதாசியில் எழுதி, அந்தக் கணக்கை முடித்தேன்.

சுலோச்சனா காரை விட்டு இறங்கினாள். என்னைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நேராகக் கட்டுத்தரைக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"செவலை!" என்று கூப்பிட்டாள். இது திரும்பவில்லை.

"காது கேக்காது சாமி. வயசாயிருச்சு."

சுற்றி வந்து பார்த்தாள். முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கொம்பு?"

"மொளைச்சுருச்சு."

"ஒடிஞ்ச கொம்பு மொளைக்குமாப்பா?"

"தீவனம் அப்படி."

"எங்க ஊருல லட்சக்கணக்குல மாடு இருக்குது. ஒண்ணுக்குக்கூட மொளைச்சதில்லையே?"

"அங்க வெறும் புல்லுதானே சாமி போடறாங்க. இது பருத்திக்கொட்டை."

"ஓ" என்றாள். அதோடு சரி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு எலும்பு வார்டில்தான் வேலை. இருந்தும் நம்பிவிட்டாள் பாருங்க. பெத்தவன் சொல்கிற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

"கன்னுக ரெண்டும் நான் வரேன்னதும் தாராபுரம் போயிருச்சாக்கும்? கூச்ச சுபாவமாட்டம் இருக்குது" என்றாள். ஆமாம், காரிக்கு ரொம்பக் கூச்சம் என்றேன்.

அப்புறம் நான் பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தால், இன்னும் அங்கேயே நிற்கிறாள். மாட்டின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'புதுசு' என்று ஒரு சொல்லும், 'பார்த்துக்க' என்று ஒரு சொல்லும் மட்டும் காதில் விழுந்தது. கழுத்துக் கயிறு புதுசு, அதைத்தான் சொல்லியிருப்பாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, அன்றைக்கே தளர்த்திவிட்டேன்.

இந்தப் பதினெட்டு நாளும் நல்லபடியாகத்தான் போனது. காலையில் நான் பால் கறந்து கொண்டுவந்தால் சொம்பை எட்டிப் பார்ப்பாள். "பதினேழு வயசுல இந்தப் பாலா! நம்ம நாட்டுக்கே பெருமைப்பா" என்பாள். என்னைப் பார்த்து, "செவலை மாத்திரை போட்டுச்சா?" என்பாள். இன்னும் அந்தக் குழப்பம் தீரவில்லை. நான் போட்டுக்கொண்டேன் என்று சொன்னால், "சரி, அது போட்ட மாதிரிதான்" என்பாள்.

சிக்கல் வந்தது நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான். நாளை மறுநாள் விமானம். என் துணியையெல்லாம் மடித்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். கம்பளிச் சட்டை இரண்டு வாங்கி வந்திருக்கிறாள். அதையும் வைத்திருக்கிறாள். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"மாட்டை யார் சாமி பார்ப்பாங்க?"

"அதுக்குத்தாம்பா டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். அவர் பார்க்கட்டும். மாடு நல்லா இருக்குதுன்னு சொன்னாருன்னா நல்லாத்தா அக்கா மூணு மாசம் பார்த்துக்கறேன்னுட்டாங்க. நல்லா இல்லை, நீங்க பக்கத்துலயே இருந்தாகணும்னு சொன்னாருன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன். டாக்டர் சொல்றதுதான் முடிவு. சரியா?"

சரி என்றேன். ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தேன். மாடு நன்றாக இருந்தால் நான் அயர்லாந்துக்குப் போகணும். அந்த மாடு இல்லை என்று தெரிந்தாலும் போகணும். எப்படிப் பார்த்தாலும் கம்பளிச் சட்டைதான்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பல்லைப் பற்றிப் பேச வேண்டாம். மாடு ரொம்பத் தளர்ந்துவிட்டது, எந்நேரமும் கூடவே ஆள் வேண்டும், பழகிய ஆள் வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க படித்தவர், பொய் சொல்லமாட்டீங்க என்று தெரியும். நானும் பொய் சொல்கிறவன் இல்லை. முழுப் பொய்யாகவும் இருக்காதுங்க அது. வேறே யாரைப் பற்றியாவது நினைத்துக்கொண்டு சொல்லுங்களேன்.

என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க?

வந்துட்டா. பேச்சை மாத்துங்க.

வா அம்மிணி. பார்த்து, சுடும், கீழ வெய்யி. ... நாங்களா? ஒண்ணும் பேசலையே. டாக்டர்தான் பேசினாரு, நான் கேட்டுட்டு இருந்தேன். ... மழையைப் பத்தி. ... மார்கழியில மழை பெய்யக் கூடாதா என்ன? நீ அங்கிட்டு நில்லு, மாடு உதைக்கும். உன்னை ரெண்டு தடவை உதைச்சிருக்குது, மறந்துட்டியா? ... ஆமா, இதேதான். இதே மாடுதான்.

வாயெல்லாம் பார்க்க வேண்டாமுங்க டாக்டர், வாய் நல்லாத்தான் இருக்குது. நேரா வவுறைப் பாருங்க. நான் வாலைப் பிடிச்சுக்கறேன். ஓ, ஓ, நில்லு நில்லு. ஒண்ணுமில்லை. டாக்டருதான். நில்லு தாயி.

என்னங்க? ஏன் முகம் மாறுது உங்களுக்கு? ஏதாவது கோளாறுங்களா? சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

சினையா?

மூணு மாசமா? உறுதிதானுங்களா? வித்தவன் ஒரு வார்த்தை சொல்லலையே... இல்லை சாமி, விதைன்னு சொன்னேன். பருத்தி விதை. பருத்திக்கொட்டைதான் காரணம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டிருந்தேன்.

மார்கழி, தை, மாசி... ஆனியில போடுமுங்களா? ஆனி நல்ல மாசம். தீனிக்குப் பஞ்சமிருக்காது. என்ன சொல்றீங்க? இனி ரெண்டு மாசம் ஜாக்கிரதையாப் பார்க்கணுமா? கூடவே பழகின ஆளு இருக்கணுமா? கேட்டுக்க அம்மிணி. நான் சொல்லலை. டாக்டரு அவராச் சொல்றாரு.

என்ன சாமி? கண்ணை ஏன் தொடைக்கறே? ஆமா, விறகுப் புகை. ஈர விறகு அது. நான்தான் சொன்னேனே, காஞ்சதை எடுன்னு.

சரிங்கறியா? நெசமாத்தானா? டிக்கெட்டு வீணாப் போகுமே சாமி. ... வேணாம், நீ எதுக்குப் பெட்டியைப் பிரிக்கறே, நானே பிரிச்சுக்கறேன். கம்பளிச் சட்டையை மட்டும் வெளிய எடுத்து வெய்யி, இங்கயும் பனி இருக்குது.

எழுதறேன். கட்டாயம் எழுதறேன். கன்னு பொறந்த அன்னிக்கே எழுதறேன். நெறம் என்ன, சுழி எங்க இருக்குது, நின்னுச்சா, குடிச்சுதா, எல்லாம் எழுதறேன். பேத்திகிட்டச் சொல்லு, படம் போடட்டும்.

என்னது? இனிமேலாவது உள்ளதை எழுதணுமா?

கேட்டீங்களா டாக்டர் இவ பேசறதை? உள்ளதை எழுதணுமாம். ஏன் சாமி, இத்தனை வருஷமா இல்லாததையா எழுதிட்டு இருந்தேன்? ஏனுங்க டாக்டர், நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறீங்க?